நீச்சல் போட்டியைப் படம் எடுத்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கோட் தோர் விளையாட்டு வளாகத்து 50 மீட்டர் குளத்தில் என் அண்ணன் மகள் பட்டர்ஃப்ளை (இரண்டு கையையும் ஒருசேர வீசி நீந்துவது) நீந்துகிறாள். அப்பாயிக்குக் கண் மங்கிவிட்டது, நேரில் பார்த்தாலும் தெரியாது. படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

போன போட்டியில் 300 படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. என்னிடம் இருப்பது 18-135 மி.மீ. லென்ஸ்; ஜூம் செய்தால் எஃப் 5.6தான் (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் கை வீச்சு மங்குகிறது. 1/1000 வைத்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400ஐத் தாண்டி முகமெல்லாம் மணல் மணலாகிறது. தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் இப்படி வருமாம். என் பழைய கேமராவில் அதற்கு வசதி இல்லை.

ஒரே ஒரு படத்தில் அவள் தலை தூக்கி வாய் திறந்திருக்கிறாள், நெற்றியிலிருந்து தண்ணீர் கண்ணாடித் தாள்போல வழிகிறது. ஆனால் ஃபோகஸ் முன்னால் தெறித்த துளிகளில் விழுந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஃப்ளாஷ் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கண் கூசும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் என்னுடையதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் தரும், ஆனால் பார்வையாளர் கேலரியிலிருந்து எட்டுமா? இல்லை, 70-200 எஃப் 2.8ஐ வாடகைக்கு எடுக்கவா? அப்புறம், பட்டர்ஃப்ளைக்கு எதிர்முனையில் உட்காருவதா, பக்கவாட்டிலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.