பி1 முடித்த பிறகு ஜெர்மன் எழுத்தில் தப்பு கூடிக்கொண்டே போகிறது, ஏன்?

திருச்சி செவிலி:
வணக்கம். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக, கோத்தே நிறுவனத்தின் பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதத் தயாராகிறேன். அதற்கு முந்தைய நிலையான பி1-ல் எழுத்துப் பகுதி எனக்குப் பிரச்சினையே இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எண்பது சொல்லில் ஒரு மெயில், முடிந்தது. இப்போது 150 சொல்லில் கருத்து எழுதச் சொன்னால் தாள் முழுக்கச் சிவப்பு. அதைவிடக் கொடுமை, முன்பு சரியாக எழுதியதையே தப்பாக எழுதுகிறேன். ‘டென் இஹ் பின் கிராங்க்’ (ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை; ‘இஹ்’ என்றால் நான், ‘பின்’ வினை) என்று பி1-ல் ஒழுங்காக எழுதியவள், போன வாரம் ‘டென் இஹ் கிராங்க் பின்’ என்று எழுதியிருக்கிறேன். பயிற்சி மையத்தில், "அடிப்படையே ஆட்டம், திரும்ப பி1-ல் உட்காருங்கள்" என்கிறார்கள். மறுபடி பணம் கட்ட வேண்டும். நிஜமாகவே பின்னால் போகிறேனா?

மதுரை மைந்தன்:
தமிழில் யோசித்து எழுதினால் இப்படித்தான் ஆகும். நேராக ஜெர்மனில் யோசியுங்கள்.

கோவை டீச்சர்:
பின்னால் போகவில்லை, தங்கச்சி. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த ‘டென்’ வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வைல்’ (இதுவும் ‘ஏனென்றால்’தான்) வந்தால் வினை கடைசிக்குப் போகும் என்பது இப்போது உங்கள் கையில் படிந்துவிட்டது. ‘டென்’னும் காரணம் சொல்கிற சொல்தான். அதனால் அதே விதியை இதற்கும் நீட்டிவிட்டீர்கள். பி1-ல் சரியாக வந்தது விதி தெரிந்ததால் அல்ல. எல்லா வாக்கியத்தையும் ஒரே வரிசையில் எழுதினீர்கள், இதுவும் அதில் பொருந்திவிட்டது. இப்போது இரண்டு வரிசை தெரியும், எது எங்கே என்பதுதான் பாக்கி. என் வகுப்பில் இந்தத் தப்பைப் பார்த்தால் மார்க்கைக் குறைப்பேன், ஆனால் உள்ளூர சந்தோஷப்படுவேன். கற்பவரின் தப்பு அவர் மனதில் ஓடும் விதியைக் காட்டிக்கொடுக்கும் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே எழுதிவிட்டார். மையக்காரர்கள் அதைப் படித்திருந்தால் உங்களைத் திரும்பச் சேரச் சொல்லியிருக்க மாட்டார்கள். (சேரச் சொல்ல வேறு காரணமும் இருக்கலாம், விடுங்கள்.)

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த இத்தாலிய, ஸ்பானிய, போர்ச்சுகீசியத் தொழிலாளர்களின் பேச்சை மைசல், கிளாசன், பீனமன் என்ற மொழியியலாளர் மூவரும் ஆராய்ந்தார்கள். ‘வைல்’ மாதிரிச் சொல்லோடு வரும் கிளை வாக்கியத்தில் வினையைக் கடைசியில் வைப்பது அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பிறகுதான் வந்தது. நம் பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் வினை கடைசியில்தானே நிற்கிறது. நம்மைப் படுத்துவது வேறு: ‘கெஸ்டெர்ன் இஹ் வார்’ (நேற்று நான் இருந்தேன்) என்று தப்பாக எழுதுவது. ‘நேற்று’ என்று தொடங்கினால் அடுத்து வினை, அப்புறம்தான் ‘நான்’. இது நமக்கு எளிதில் வருவதில்லை. பி1-ல் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘இஹ்’ என்று தொடங்கியிருப்பீர்கள், இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. பி2 கருத்துக் கட்டுரையில் அப்படித் தப்ப முடியாது.

தம்பி சொன்ன ‘ஜெர்மனில் யோசி’ எனக்கு ஒத்துவராது. தெரிந்த ஜெர்மனில் மட்டும் யோசித்தால் அந்த அளவுக்குத்தான் கருத்தும் வரும். சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்பை எண்ணாதீர்கள். ‘உண்ட்’ (மற்றும்) போட்டு ஒட்டியது எத்தனை, ‘வைல்’, ‘ஓப்வோல்’ (இருந்தபோதிலும்) போட்டுக் கட்டியது எத்தனை என்று பாருங்கள். இதற்கு அடுத்த படியில் ‘உடம்பு சரியில்லாததால்’ என்கிற முழுக் கிளையே ‘வேகென்’ (காரணமாக) போட்ட ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருங்கும். அலுவலக ஜெர்மன் முழுக்க அப்படித்தான். அப்போது ஆர்ட்டிகிள் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டி, டாஸ்) தப்பு இன்னொரு முறை ஏறும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சிவப்பு மை பற்றி ஒன்று. மாணவர் எழுத்தில் இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-ல் எழுதப் போய், இன்னொரு ஆய்வாளர் டானா ஃபெரிஸ் எதிர்த்து எழுதினார், பெரிய சண்டை. நான் முழுசாக யார் பக்கமும் இல்லை. ஒரு வாரம் வினையின் இடத்தை மட்டும் திருத்துவேன், மற்றதைத் தொடமாட்டேன். தாள் மொத்தமும் சிவந்தால் பிள்ளை எதைப் பார்க்கும்?

ஸ்டுட்கார்ட்வாசி:
டீச்சர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் பரீட்சை திருத்துகிறவர் உங்கள் வளர்ச்சியைப் பார்த்து மார்க் போடமாட்டார். 75 நிமிடம், முதலில் 150 சொல், அடுத்து 100 சொல்லில் ஒரு செய்தி. கேட்டதை எழுதினீர்களா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், அப்புறம்தான் இலக்கணம். ஆகவே தப்புக்குப் பயந்து பி1 பாணிக்குத் திரும்பினால் அதிலும் அடிபடும். கடைசிப் பத்து நிமிடத்தில் வினைகளை மட்டும் பேனாவால் தொட்டுக்கொண்டே போங்கள். இன்னொன்று: இங்கே வார்டில் பேசும்போது ‘வைல்’ போட்டுவிட்டு வினையை முன்னாலேயே வைப்பார்கள். காதில் விழுந்ததைத் தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

திருச்சி செவிலி:
அக்கா, பார்த்துவிட்டேன். பழைய தாளில் ஒரு வாக்கியம் விடாமல் ‘இஹ்’ என்றுதான் தொடங்குகிறது! புதியதில் ‘ஓப்வோல்’ மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றிலும் வினை சரி. அதற்கு அடுத்த பாதியில்தான் சொதப்பல், நீங்கள் சொன்ன ‘கெஸ்டெர்ன்’ கதை மாதிரியே. மையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வாரக் கட்டுரையை இங்கே போடலாமா?

கோவை டீச்சர்:
போடுங்கள். ‘ஓப்வோல்’ கிளை முன்னால் வந்தால் அது முழுவதும் சேர்ந்து முதல் இடம். கமாவுக்கு அடுத்து உடனே வினை. அதை மட்டும்தான் பார்ப்பேன். ஆர்ட்டிகிள் எல்லாம் அடுத்த வாரம்.