லோவெஸ்டாஃப்ட்: போர் நினைவுக்கல்லைப் பராமரிப்பது யார் பொறுப்பு?

அலைவாய்க்கரை கேட்டது:
இங்கிலாந்தின் கிழக்குக் கடலோர ஊரான லோவெஸ்டாஃப்ட்டில் ஒரு தேவாலயச் சுவரை ஒட்டி, நடைபாதை ஓரத்தில் சிறிய நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. சுண்ணாம்புக்கல். முதல் உலகப்போர்ப் பெயர்களில் பாதியை விரலால் தடவித்தான் படிக்க முடிகிறது. ஈய எழுத்துகள் சில உதிர்ந்து, அடியில் இருந்த துளைகள் மட்டும் தெரிகின்றன. மூன்று கவுன்சிலுக்கு வரி கட்டுகிறோம், இது யார் கணக்கில் வரும் என்று பிடிபடவில்லை. இப்போது ஆகஸ்ட். போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் அஞ்சலிக்குள் பிரஷர் வாஷராவது அடித்துவிடலாமா? இன்னொன்று: டிராலரில் (இழுவலை மீன்பிடிக் கப்பல்) போய் இறந்த ஒருவர் பெயர் இந்தக் கல்லிலும் இல்லை, ஊரின் பெல் வியூ பூங்காவில் உள்ள போர் நினைவுத் தூணிலும் இல்லை. சேர்க்க வழி உண்டா?

வரிச்சீட்டு:
சாலையும் நடைபாதையும் சஃபோக் கவுண்டி கவுன்சில். திட்ட அனுமதி, பாரம்பரியக் கட்டட அனுமதி, வரி வசூல் எல்லாம் கிழக்கு சஃபோக் கவுன்சில். இது வேவனி, சஃபோக் கோஸ்டல் என்ற இரண்டு மாவட்ட மன்றங்களைச் சேர்த்து 2019 ஏப்ரலில் உண்டானது. ஊர் மன்றம் 2017-இல்தான் வந்தது. 1974-இல் பழைய பரோ (நகராட்சி) கலைந்ததிலிருந்து அதுவரை ஊருக்கென்று தனி மன்றமே கிடையாது. இப்படிக் கைமாறும்போதுதான் பழைய காகிதங்கள் காணாமல் போகின்றன.

இந்த மாதிரிக் கற்கள் பெரும்பாலும் ஊரில் பணம் திரட்டி எழுப்பியவை. அன்றைய கமிட்டிக்காரர்கள் காலமானதும் உரிமை யாரிடமும் போய்ச் சேரவில்லை. 1923 போர் நினைவுச் சின்னச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது: தனக்குச் சொந்தமில்லாத சின்னத்துக்கும் உள்ளூர் மன்றம் பராமரிப்பு, பழுதுபார்ப்புக்குச் செலவு செய்யலாம். செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே உரிமைப் பத்திரம் தேடி அலையாதீர்கள், பட்ஜெட்டைப் பிடியுங்கள்.

ஊர் மன்றம் அடுத்த ஆண்டு வரிப் பங்கை ஜனவரி வாக்கில் முடிவு செய்யும். நிதிக் குழுவில் கணக்குப் போடுவது அதற்கு முன்பே. செப்டம்பரிலேயே எழுத்தில் கொடுங்கள்: நான்கு பக்கப் புகைப்படம், இம்பீரியல் வார் மியூசியம் பதிவேட்டில் அந்தக் கல்லின் எண், இரண்டு மதிப்பீடு. கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாகும். பேச ஆளுக்கு மூன்று நிமிடம்தான் வழக்கம், அதனால் தொகையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வரி உயர்வு பற்றி ஊரில் கேட்கும் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. கவுண்டி, மாவட்ட மன்றங்கள் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஊர் மன்றங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கணக்கைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. வருடத்துக்கு 30 வேலை நாள், அதில் ஜூலையின் முதல் 10 வேலை நாள் கட்டாயம் அடங்கும். பில், ஒப்பந்தம் எதையும் கேட்டுப் பார்க்கலாம். பேருக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

உளிச்சத்தம்:
பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். கடலோரச் சுண்ணாம்புக்கல்லில் உப்பு உள்ளே இறங்கியிருக்கும். காயும்போது அந்த உப்பு படிகமாகி மேல்தோலைத் தள்ளும், கல் சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக உதிரும். அந்த நிலையில் அழுத்த நீர் பட்டால் மிச்சமிருக்கும் எழுத்து விளிம்பும் போய்விடும். கம்பி பிரஷ், பிளீச், அமிலம் மூன்றும் கூடாது. அமிலம் சுண்ணாம்பையே கரைக்கும்.

பாசி மட்டும் என்றால் சுத்தத் தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். முதலில் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து, காயவிட்டுப் பாருங்கள். தேய்த்த இடத்தில் விரல் வைத்தால் வெள்ளைப்பொடி ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். உறைபனிக் காலத்தில் நனைக்கவே கூடாது, ஊறிய நீர் உறைந்து விரிந்தால் கல் வெடிக்கும். பெரிய வேலையை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள்.

இணைப்புகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அது கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது, பக்கத்துக் கல்லின் ஓரம் உடையும். அதைக் கையுளியால் எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். ஈய எழுத்துக்குக் குழியில் சாய்வாகத் துளை போட்டு, ஈயத்தை அதற்குள் அடித்து இறுக்கித்தான் பிடிமானம் தருவார்கள். பசை போட்டு ஒட்டினால் நிற்காது. வெட்டெழுத்து மங்கியிருந்தால் முகத்தைச் சீவி மறுபடி வெட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு; ஒவ்வொரு முறையும் கல் மெலியும். முன்பு வண்ணம் இருந்த தடயம் இருந்தால் அதையே திரும்ப இடுவது நல்லது.

கல் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் கிழக்கு சஃபோக்கிடம் அனுமதி வேண்டும். கட்டணம் இல்லை, முடிவுக்கு 8 வாரம். தேவாலய வளாகத்துக்குள் என்றால் வழி வேறு: மறைமாவட்ட அனுமதி. ஊர் சஃபோக்கில் இருந்தாலும் தேவாலய நிர்வாகம் நார்விச் மறைமாவட்டம், மனுவை சஃபோக்கின் தலைமை ஊரான இப்ஸ்விச்சுக்கு அனுப்பி நாளைக் கெடுக்காதீர்கள். வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் மானியம் கேட்பதாக இருந்தால், வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

துறைமுகப் பதிவு:
பெல் வியூ தூண் ஊர்க்காரர் பட்டியல் அல்ல. இரண்டாம் போரில் டிராலர் போன்ற சிறு கப்பல்களை ஓட்டிய கடற்படைப் பிரிவான ராயல் நேவல் பேட்ரோல் சர்வீஸின் தலைமையகம் பக்கத்திலுள்ள ஸ்பாரோஸ் நெஸ்ட்டில் இருந்தது. அந்தப் படையில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத சுமார் 2,400 பேர்தான் அங்கே. நீங்கள் சொல்பவர் அந்தப் படையில் சேராத மீன்பிடி டிராலரில் எதிரித் தாக்குதலில் இறந்திருந்தால் லண்டன் டவர் ஹில்லில் உள்ள வணிகக் கப்பல், மீன்பிடிக் கப்பல் ஆட்களுக்கான நினைவிடத்தில் தேடுங்கள், அங்கே கப்பல் பெயர் வாரியாக இருக்கும். முதல் போரில் கடற்படை ரிசர்வில் இருந்திருந்தால் சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் ஊர்களின் கடற்படை நினைவிடங்கள் மூன்றில் ஒன்று. 1942 ஜனவரி 13 லண்டன் ரோடு நார்த் குண்டுவீச்சு போன்றவற்றில் இறந்த பொதுமக்கள் பெயர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள பதிவேட்டில், ஊர் வாரியாக.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் போர் இறப்பாக ஏற்கும் தேதிகள்: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை; 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. மீனவர் சாதாரணப் புயலில் இறந்திருந்தால் ஆணையம் சேர்க்காது. உள்ளூர்க் கல்லை அந்த விதி கட்டுப்படுத்தாது, பொறுப்பில் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். இறப்புச் சான்று, கப்பல் பெயரும் பதிவு எண்ணும், ஊரில் குடியிருந்ததற்கு ஆதாரம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அகரவரிசை நடுவே வெட்ட இடம் இருக்காது, அடியில் தனிப் பலகை கேளுங்கள். பழுதுவேலையையும் பலகையையும் ஒரே மனுவில் போட்டால் அனுமதிக்கு இரண்டு தடவை காத்திருக்க வேண்டாம்.