பாண்டை – கூஜி நடைபாதை: அம்மாவால் நடக்க முடியுமா?

வணக்கம். நாங்கள் குன்னூர். ஜனவரியில் அம்மாவோடு சிட்னியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். பாண்டையில் தொடங்கி டமராமா, ப்ரான்ட்டி, குளோவெல்லி வழியாகக் கூஜி வரை கடலோரப் பாறைகளை ஒட்டியே போகும் 6 கிலோமீட்டர் நடைபாதையை அம்மாவுக்குக் காட்ட எனக்கு ரொம்ப ஆசை. சிம்ஸ் பூங்கா மேடெல்லாம் அம்மா நிதானமாக ஏறிவிடுவார்; தொடர்ந்து படிகள் வந்தால்தான் முழங்கால் வலிக்கும். அங்கே அப்போது கோடைக்காலம் வேறு, கடற்கரை வெயில் எங்களுக்குப் பழக்கமில்லை.

படிகள் எந்தப் பகுதியில் அதிகம்? ப்ரான்ட்டியோடு நிறுத்திக்கொண்டு பேருந்தில் திரும்பலாமா? அப்புறம், அலைச்சறுக்கு வேடிக்கை பார்க்க உட்கார நிழல் எங்கே கிடைக்கும்? சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் கடலில் இறங்க வேண்டும் என்று தெரியும். அம்மா பயமில்லாமல் கால் நனைக்க எந்தக் கடற்கரை நல்லது? பெரியவர்களோடு நடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.