பச்சைக்குழந்தைக்குப் போட்ட ட்யூப் ராத்திரி கழன்றுவிட்டது, யாரைக் கேட்பது?

கடலூர் தாய்மாமன்:
வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பம். தங்கச்சிக்கு 30 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பையன், 1.3 கிலோ. 108 வண்டியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாய்வழியாக ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி அது கழன்று, மறுபடி போட்டார்களாம். காலையில்தான் சொன்னார்கள். கையைக் கட்டாமல் விட்டதுதான் காரணம், போய்ச் சண்டை போடு என்கிறார் சித்தப்பா. இன்னொன்று, குழந்தை முகத்தைச் சுளித்து அழுகிறான், சத்தமே வரவில்லை. தொண்டை போய்விட்டதா?

புதுவை சிஸ்டர்:
தம்பி, நான் இங்கே பச்சைக்குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, காற்று அதன் வழியாகவே வெளியேறிவிடும், அதனால் அழுகைச் சத்தம் கேட்காது. எடுத்த பிறகு கொஞ்ச நாள் குரல் கரகரப்பாக இருக்கலாம். அப்போது மூச்சை இழுக்கையில் கீச்சென்று சத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தங்கச்சியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பாவம்.

கழன்றதைப் பற்றி. நிறைமாதக் குழந்தைக்கே மூச்சுக்குழல் நாலைந்து சென்டிமீட்டர்தான். உங்கள் மருமகனுக்கு இன்னும் குட்டை. கிலோ கணக்கில் எடையோடு 6 கூட்டி, உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் ட்யூபை நிறுத்துவது என்று பார்ப்போம், அவனுக்கு ஏழேகால் வாக்கில் வரும். தலை குனிந்தால் ட்யூப் கீழே இறங்கும், அண்ணாந்தால் மேலே ஏறும். அதிகம் இறங்கினால் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும், ஏறினால் வெளியே வந்துவிடும். போதாததற்கு எச்சிலில் பிளாஸ்டர் ஊறிவிடும். நல்ல வார்டிலும் இது நடக்கிறது.

கையைக் கட்டச் சொல்லாதீர்கள். துணிச்சுருள்களால் கூடு மாதிரி அணை கட்டி, கை நெஞ்சோடு மடங்கியிருக்கும்படி படுக்க வைத்தாலே குழந்தை அடங்கும். நான் கறாராக இருப்பது வேறொன்றில். புரட்டவோ, எடை பார்க்கவோ, எக்ஸ்ரே தட்டை அடியில் வைக்கவோ இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கை ட்யூபை விட்டு நகரக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்று தனியாளாகச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்களுக்கும் ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும், அதைத் தாராளமாகக் கேளுங்கள். அப்படியே, இப்போது உதட்டில் எந்த அளவு, திரும்பப் போட்டதும், ட்யூப் மூச்சுக்குழலில்தான் இருக்கிறதா என்று பார்க்க மாட்டும் கார்பன்-டை-ஆக்சைடு கருவி ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு மாறியதா, எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும் கேளுங்கள். ட்யூபை எடுத்துவிட்டு, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்று கொடுக்கும் சீபாப் வைக்க எப்போது முடியும் என்பது அதைவிட முக்கியம்.

பண்ருட்டி அம்மா:
என் மகளுக்கு நாலு வயதில் நிமோனியா வந்தபோது பலூன் வைத்த ட்யூப் போட்டார்கள். அதைக் குழந்தைக்குப் போட்டால் கழலாதே?

புதுவை சிஸ்டர்:
இல்லைம்மா. பலூன் இருப்பது ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க. ட்யூபைப் பிடித்து நிறுத்துவது வெளியே ஒட்டும் பிளாஸ்டர்தான். உங்கள் மகள் வயதில் பலூன் அழுத்தத்தை மீட்டரில் பார்த்து 20-25 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் வைப்போம், கூடினால் உள்தோல் புண்ணாகும். இத்தனை சின்னக் குழந்தைக்குப் பலூன் இல்லாததுதான் வழக்கம்.

கடலூர் தாய்மாமன்:
சிஸ்டர், கேட்டுவிட்டேன். ஏழேகாலில் இருக்கிறதாம், மஞ்சளாக மாறியதாம், எக்ஸ்ரேயும் சரியாம். ராத்திரி சொல்லாததற்கு டாக்டர் வருத்தம் தெரிவித்தார். சளி உறிஞ்சும்போது குழந்தை நீலமாகிவிட்டான், தங்கச்சி பயந்துபோனாள். அடிக்கடி உறிஞ்ச வேண்டுமா?

புதுவை சிஸ்டர்:
மணிக்கணக்கு வைத்து உறிஞ்சத் தேவையில்லை. சளிச் சத்தம் கேட்டாலோ, ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ செய்தால் போதும். உறிஞ்சும் குழாய் ட்யூபின் நுனியைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் சலைன் விடுவதும் வேண்டாம். தங்கச்சியைச் சீம்பால் பீய்ச்சித் தரச் சொல்லுங்கள். ட்யூப் இருக்கும்போதே துளித்துளியாகக் கன்னத்தின் உட்பக்கம் தடவலாம், வார்டில் கேட்டால் காட்டித் தருவார்கள்.