இடங்கொடு மரபணு: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம்.

‘சசெப்டிபிலிட்டி ஜீன்’, அதாவது நோய்க்கிருமி தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் செடியின் மரபணு, அதற்கு நாம் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். இதுவரை வந்த யோசனைகளில் ‘நோய் மரபணு’, ‘பலவீன மரபணு’ இரண்டையும் விட்டுவிடலாம். அந்த மரபணு நோயை உண்டாக்குவதில்லை, அது பலவீனமானதும் அல்ல. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் வரும் சொறி நோயை வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இலையின் இரு பக்கமும் தக்கை மாதிரிப் புடைத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டிய பழுப்புப் புள்ளிகளை எலுமிச்சை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியாவின் வேலை அது. இலைத்துளை வழியாகவோ காயம் வழியாகவோ உள்ளே நுழைந்ததும், நுண்ணிய குழாய் மூலம் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் பிடிஎச்ஏ4 என்ற புரதம் நேரே உட்கருவுக்குப் போய், எல்ஓபி1 என்ற மரபணுவின் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிடுகிறது. எங்கே ஒட்டுவது என்பதை அந்தப் புரதத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது. அதில் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டின் 12, 13-ஆம் அமிலங்களும் டிஎன்ஏவின் ஓர் எழுத்தை அடையாளம் காணும். 2009-ல் இந்தக் குறிமுறை வெளியானது. எனக்குத் தெரிந்த உயிரியல் கண்டுபிடிப்புகளில் மிக அழகானவற்றில் இதுவும் ஒன்று.

எல்ஓபி1 முடுக்கப்பட்டதும் செல்கள் பெருத்துப் பெருகுகின்றன. மேல்தோல் வெடித்து, பாக்டீரியா கசிந்து, மழைச்சாரலோடு அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. எல்ஓபி1 மரத்தின் சொந்த மரபணு. அதைத் தன் வசதிக்கு வேலை வாங்குவது பாக்டீரியா. ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்று சொல்வோமே, அதேதான் இங்கே நடக்கிறது.

அதனால் ‘இடங்கொடு மரபணு’ என்று முன்மொழிகிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. ‘எதிர்ப்பு மரபணு’வுக்கு நேர் எதிராக நிற்கிறது, கேட்டதும் பொருளும் புரிகிறது. ‘ஏற்பு மரபணு’வும் நல்ல சொல்தான். ஆனால் ‘ரிசெப்டர்’ என்பதற்கு ‘ஏற்பி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: ‘2017-ல் சீன ஆய்வாளர்கள் வான்ஜின்செங் வகை ஆரஞ்சில் எல்ஓபி1 என்ற இடங்கொடு மரபணுவின் முன்பகுதியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் மாற்றி, சொறி நோயைத் தாங்கும் மரங்களை உருவாக்கினார்கள்.’ தடுக்காமல் ஓடுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மரத்தில் சொறி கண்டால் அதைச் சுற்றி 1,900 அடி தூரத்துக்குள் இருந்த எலுமிச்சைக் குடும்ப மரங்களை எல்லாம், நல்ல மரங்களையும் சேர்த்து, வெட்டினார்கள். அப்படியும் நோயை ஒழிக்க முடியாமல் 2006-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். சீனர்களின் ஆய்வின் அருமை அதை நினைத்தால் தெரியும். தமிழில் இதைப் படிக்கும் விவசாயிக்கும் சொல் முட்டுக்கட்டையாக இருக்கக் கூடாது.

அப்புறம், ‘எஃபெக்டர்’, அதாவது பிடிஎச்ஏ4 போலக் கிருமி செல்லுக்குள் செலுத்தும் புரதம். ‘விளைவி’ என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. பாக்டீரியா ஏவி விடும் புரதம் என்பதால் ‘ஏவுபுரதம்’ எனலாம். ஏவுகணை பழகிய நமக்கு இதுவும் பழகிவிடும்.

ஒரே ஒரு தயக்கம். குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கும் இடமான ‘லோகஸ்’ என்பதை நம்மில் சிலர் ‘மரபணு இடம்’ என்று எழுதுகிறோம். அதுவும் ‘இடங்கொடு மரபணு’வும் ஒரே பத்தியில் வந்தால் இடறுமா? தாவர மரபியல் பாடம் நடத்துபவர்கள் சொல்லுங்கள். இடறும் என்றால் ‘லோகஸ்’ என்பதற்கு ‘இருக்கை’யைப் பரிசீலிக்கலாம், ‘இடங்கொடு’ இருக்கட்டும்.