ஜென்கின்ஸ் கோப்புகளில் இன்னும் ஹட்சன் பெயர்: மொத்தமாக மாற்றிவிடலாமா?

கேள்வி:
வணக்கம். மென்பொருளைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸ் எங்கள் அலுவலகத்தில் ஓடுகிறது; அந்தப் பழைய சர்வர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. திறந்து பார்த்தால் எங்கும் ஹட்சன்! எக்ஸ்எம்எல் கோப்புகளில் ‘ஹட்சன்.டாஸ்க்ஸ்.ஷெல்’, ஸ்கிரிப்ட்களில் ‘ஹட்சன்_யூஆர்எல்’, உள்கையேட்டிலோ பக்கத்துக்குப் பக்கம். ஹட்சன் என்ற பெயர் ஜென்கின்ஸ் என்று மாறியது 2011இல். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றினால் ஏதாவது உடையுமா?

பதில் 1:
உடையும். அதுவும் சத்தமில்லாமல் உடையும், அதுதான் எரிச்சல்.

ஹட்சன் பெயருக்கு உரிமை கோரிய ஆரக்கிள் நிறுவனத்தோடு தகராறு வந்து ஜென்கின்ஸ் பிரிந்தபோது, உள்ளே இருக்கும் ஜாவா பேக்கேஜ்களின் (நிரல் தொகுப்புகளின்) பெயரில் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றிருந்த பிளகின்கள் (கூடுதல் இணைப்புகள்) எல்லாம் படுத்திருக்கும். அதனால் ‘ஹட்சன்.டாஸ்க்ஸ்.ஷெல்’ என்பது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் கிளாஸ், அதாவது ஷெல் கட்டளையை ஓட்டும் நிரல் பகுதி. ஒவ்வொரு வேலைக்கும் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்படுவது அந்தக் கிளாஸின் பெயரேதான். அதை ‘ஜென்கின்ஸ்.டாஸ்க்ஸ்.ஷெல்’ என்று மாற்றினால் அப்படியொரு கிளாஸே கிடையாது. ஜென்கின்ஸ் வேலையின் அந்தக் கட்டத்தை (ஸ்டெப்) விட்டுவிட்டு மற்றதை ஏற்றிக்கொள்ளும். பிறகு யாராவது அந்த வேலையைத் திறந்து சேமித்தால் அந்தக் கட்டம் கோப்பிலிருந்தே போய்விடும். மறந்தும் எக்ஸ்எம்எல்லைத் தொடாதீர்கள். ஏற்கெனவே யாராவது தொட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால், நிர்வாகப் பக்கத்தில் பழைய தரவுக்கான பகுதியைப் பாருங்கள். படிக்க முடியாதவை அங்கே வரும்.

ஸ்கிரிப்ட்களை மாற்றலாம். ‘ஜென்கின்ஸ்_யூஆர்எல்’, ‘ஹட்சன்_யூஆர்எல்’ இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். அவசரமும் இல்லை, அந்தந்த ஸ்கிரிப்டை வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது மாற்றினால் போதும்.

கையேட்டைத்தான் இன்றே திருத்துங்கள். புதிதாக வருகிறவர் ஹட்சனை வேறொரு மென்பொருள் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார். முதல் பக்கத்தில் மட்டும் ‘முன்பு ஹட்சன்’ என்று ஒரு வரி இருக்கட்டும். பழைய மின்னஞ்சல்களோடு ஒப்பிடுகிறவருக்கு அது வேண்டும். 2011க்கு முந்தைய மாற்றக் குறிப்புகளில் கைவைக்காதீர்கள். அப்போது அதன் பெயர் ஹட்சன்தானே?

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். ஜென்கின்ஸ் தன் தரவையெல்லாம் வைக்கும் முகப்பு அடைவு ‘.ஹட்சன்’ என்ற பெயரில் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். வேறு இடம் குறிப்பிடாதபோது, ‘.ஜென்கின்ஸ்’ அடைவுக்குப் போகும் முன் அது இருக்கிறதா என்று ஜென்கின்ஸ் பார்க்கும்.

கேட்டவர்:
நன்றி. எக்ஸ்எம்எல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் பாதுகாப்புச் சோதனை அறிக்கையில் ‘ஹட்சன் 1.395 ஓடுகிறது, உடனே நீக்கவும்’ என்று சிவப்பில் வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்வது?

பதில் 1:
அது சர்வர் தன் பக்கங்களோடு அனுப்பும் ‘எக்ஸ்-ஹட்சன்’ தலைப்பு வரி. பழைய கருவிகளுக்காக 1.395 என்றே நிலையாக எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர் மாறிய பிறகு வந்த முதல் வெளியீடு 1.396. உண்மையான பதிப்பு பக்கத்திலுள்ள ‘எக்ஸ்-ஜென்கின்ஸ்’ வரியில் இருக்கும். இரண்டையும் படம்பிடித்துச் சோதனைக் குழுவுக்கு அனுப்புங்கள். அந்த இரண்டாவது எண்ணும் பழையதாக இருந்தால் சிவப்பு நியாயமானதுதான்.