புதுப்பிப்பு: டெல்லி டு தீர்த்தன் பள்ளத்தாக்கு, பஸ்ஸிலேயே போய் வந்தாச்சு

டெல்லி மயூர் விஹாரிலிருந்து கம்மிச் செலவில், இமாச்சலில் தீர்த்தன் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் பஞ்சார் என்ற ஊருக்குப் போக வழி கேட்டிருந்தேனே, பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. "குல்லு வரை போகாதீங்க, மணாலி ரோட்டில் வர்ற ஔட் சுரங்கத்துக்கு முன்னாலேயே இறங்கிடுங்க, பஞ்சார் ரோடு அங்கேதான் பிரியுது" என்று ஒருத்தர் சொன்னதுதான் கைகொடுத்தது. டெல்லி கஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் மணாலி பஸ். வால்வோ இல்லை, சாதா. கண்டக்டரிடம் சொல்லிவைத்திருந்தேன், மனுஷன் தூங்கிவிட்டார்! மேப்பைப் பார்த்து நானே கத்தி நிறுத்தினேன். இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் சுரங்கம் தாண்டி அந்தப் பக்கம் நின்றிருப்பேன். விடியற்காலைக் குளிரில் விரல் மடங்கவில்லை. டீ கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளூர் பஸ்ஸில் பஞ்சார், இன்னொன்றில் நான் தங்கிய குஷைனி கிராமம். எதிர்பாராதது ஒன்று: அறைக்குக் கீழேயே ஆறு. முதல் ராத்திரி அந்த இரைச்சலில் பொட்டுத் தூக்கம் இல்லை. பணத்தை மட்டும் பஞ்சாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.